ஒற்றைக்காலில் நிற்பவன்

திருவனந்தபுரத்து மழை பள்ளிக்கூட ஓட்டின்மேல் பொழிகிறது. மூன்றாம் வகுப்பில், விடுகதையால் சொல் பழக்கும் ராகேல் டீச்சரின் பாடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் சிவதாணு பிள்ளை வந்திருக்கிறார். அந்தப் பாடம் நீடிப்பது அவர் கையெழுத்தில் இருக்கிறது. போன வருஷம் இதே அறையில், "இது பள்ளிக்கூடமா, சாலைக் கடைத்தெருவா?" என்று கேட்டு, பிள்ளைகள் முன்னால் அவளை மணிக்கணக்கில் நிற்க வைத்தவரும் அவர்தான். இன்று சிரித்த முகமாய், "எங்கிட்டயும் ஒண்ணு கேளும், டீச்சர்" என்கிறார். கொக்கைப்போலக் காத்திருந்த ராகேல் மென்மையாகக் கேட்கிறாள்: "வெளியே போனால் வயிறு விரிப்பான், வீட்டுக்குள் வந்தால் மூலையில் ஒற்றைக்காலில் நின்று அழுவான். யார் சார்?" பிள்ளைகளின் கண்கள், மூலையில் சொட்டிக்கொண்டிருக்கும் அவருடைய குடைக்கே ஓடுகின்றன. அவரோ கூரை உத்திரத்தைப் பார்க்கிறார். சரிகைத் தலைப்பாகையின் கீழ் வியர்வை அரும்புகிறது. "தெரியலேன்னா எந்திச்சு நிக்கணும் சார். யாராவது விடை சொன்னா உக்காரலாம்" என்று முன்வரிசை ராஜபாய் வகுப்பின் வழக்கத்தைச் சொல்கிறாள். நாற்காலி முனக, அவர் எழுந்து நிற்கிறார். இரக்கப்பட்டு ராஜபாயே கை தூக்குகிறாள். இப்போது அவரை உட்காரவைத்தால் பாடம் பிழைக்கும். அது ராகேலுக்கும் தெரியும். அவள் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாய் அமர்கிறாள். "கையை இறக்கு மக்களே. சாருக்கு அவசரமில்லை."