ஓரத்தில் வைத்த சாவி

பெர்னார்டின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போக்கர் நடந்துகொண்டிருந்தது. ஞானவேல் தன்னிடம் மிச்சமிருந்த இரண்டாயிரத்தையும் நடுவில் தள்ளி, "ஆல் இன்" என்றான். பெர்னார்டும் ஞானவேலின் மனைவி சுடர்விழியும் ஆளுக்கு இரண்டாயிரம் சேர்த்தார்கள். கடைசிச் சீட்டு திரும்பியதும் பெர்னார்ட் ஓரமாக இருபதாயிரம் வைத்தார்.

"இது சைடு பாட். எனக்கும் உங்க வீட்டம்மாவுக்கும் மட்டும். நீங்க ஜெயிச்சாலும் நடுவுல இருக்கறதுதான் உங்களுக்கு. இனிமே நீங்க பேசக்கூடாது."

சுடர்விழி அதன்மேல் கார் சாவியை வைத்தாள். "முடிஞ்சா இதோட விலையையும் வைங்கண்ணே."

ஞானவேல் சாவியைப் பார்த்தான். காருக்கு இன்னும் நாலு வருடத் தவணை பாக்கி. "சுடர்..." என்றான்.

"பேசக்கூடாதுன்னு சொன்னாருல்ல?" அவள் திரும்பவே இல்லை.

பெர்னார்ட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆட்டத்திலிருந்து விலகுவதாகச் சீட்டைக் கவிழ்த்தார். ஓரத்துப் பணம் அவளுக்கே போனது.

நடுப் பணத்துக்காகக் கணவனும் மனைவியும் சீட்டைக் காட்டினார்கள். அவனிடம் இரண்டு ராணிகள். அவளிடம் ஒரு மூன்றும் ஒரு ஏழும், எதோடும் சேராதவை.

ஆறாயிரத்தை அள்ளும்போது அவன் விரல்கள் நடுங்கின.

"ஜெயிச்சது நீங்கதானே, அப்புறம் ஏங்க கை நடுங்குது?" என்று கேட்டவள், சாவியை எடுக்காமலே அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கத் தொடங்கினாள்.