சரி பிழை இல்லாத சோதினை

“கோபம் வந்தால் நான் குரலை உயர்த்துவேன்” என்று இருந்தது இருபத்தெட்டாவது கேள்வி.

“ஒருக்காலும் இல்லை எண்டு போடு பிள்ளை!” என்று தில்லைநாதன் குரலை உயர்த்தினார்.

“அப்பா, இதில சரி பிழை இல்லையாம். மேல எழுதிக் கிடக்கு. எங்கட மனசில படுகிறதைப் போட்டாக் காணும்.”

“சரி பிழை இல்லாத சோதினை ஒண்டு உலகத்தில இருக்கோ? முப்பது வருசம் பேப்பர் திருத்தினவன் நான். எனக்குச் சொல்லித் தாறாய்!”

வெள்ளவத்தை ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் லப்டொப். அதற்கு முன்னால் ஆரணி. வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் தம்பி லவன், முதுகுக்குப் பின்னால் அகப்பையோடு அம்மா அருள்நாயகி. வேலைக்கு விண்ணப்பித்தவள் ஒருத்தி, ஆளுமைப் பரீட்சை எழுதுவது நாலு பேர்.

பரீட்சையை அனுப்பியது ஒரு காப்புறுதி நிறுவனம். ஆரணி ஏறி இறங்கும் நாலாவது கம்பனி அது. இதுவும் சரிவராவிட்டால் கொட்டாஞ்சேனையில் மாமாவின் புடவைக்கடையில் நிற்க வேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. வாசலில் நின்று முன்பின் தெரியாத ஆட்களை “வாங்கோ, வாங்கோ” என்று கூப்பிடுவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டு அப்பா சொன்னதையெல்லாம் போட்டாள்.

முப்பத்தோராவது கேள்வியில் வீடு மூன்றாகப் பிளந்தது. “என் முடிவுகளை நான் தனியாகவே எடுப்பேன்.”

“ஓம் எண்டு போடு. தலைமைத்துவம்!” என்றார் அப்பா.

“பொம்பிளைப் பிள்ளை அப்பிடிச் சொன்னாத் திமிர் பிடிச்சவள் எண்டெல்லோ நினைப்பினம். இல்லையெண்டு போடு,” என்றார் அம்மா.

“நடுவில போடு அக்கா. அதுதான் சேஃப்,” என்றான் லவன்.

ஓமும் இல்லையும் நடுவும் மாறி மாறி விழுந்தன. கடைசியில் கையை உயர்த்தி வாக்கெடுத்தார்கள். வேலை தேடுகிறவளுக்கு வாக்குரிமை கிடையாது. லவன் கடைசி நேரத்தில் கட்சி மாற, அப்பா வென்றார்.

நாலு நாள் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மனிதவள முகாமையாளர் சஹ்லா தன்னுடைய அறையில் அவளை இருத்திவிட்டு, திரையைப் பார்த்தார்.

“உங்க டெஸ்ட் பாத்தேன், ஆரணி. கோபமே வராது. பயம் இல்ல. முடிவெல்லாம் தனியாத்தான் எடுப்பீங்க.”

“ஓம் மிஸ்.”

“இருபது நிமிஷத்துல முடியுற டெஸ்ட் இது. உங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் போயிருக்கு.” சஹ்லா திரையை அவள் பக்கம் திருப்பினார். “ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் எடுத்தீங்க, எத்தன தரம் மாத்தினீங்க, எல்லாம் இதுல பதிஞ்சிருக்கும். தனியா முடிவெடுப்பேன் என்டு சொல்ற இந்தக் கேள்விக்கு மட்டும் பதினாலு நிமிஷம். ஆறு தரம் மாத்தியிருக்கீங்க.”

ஆரணிக்குக் காது சுட்டது. புடவைக்கடை வாசல் கண்முன்னால் வந்து நின்றது. ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளிக்கலாம்தான். என்ன பொய் சொல்வதென்று கேட்கப் பக்கத்தில் அப்பா இல்லையே.

“வீட்டில வாக்கெடுப்பு வச்சனாங்கள் மிஸ்.”

“என்னது?”

“அப்பா, அம்மா, தம்பி மூண்டு பேரும் சேர்ந்துதான் பதில் சொன்னவை. பேர் மட்டும்தான் என்ர.” சொல்லச் சொல்ல அழுகை முட்டியது. “எனக்குக் கோபம் வரும் மிஸ். தெரியாத ஆக்களோட கதைக்கப் பயம். செருப்பு வாங்கவே அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போறனான்.”

சஹ்லா சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்து மேசையிலிருந்த கணினியைத் திறந்தார்.

“இதுல இருந்து திரும்பச் செய்ங்க. தனியா. ஃபோனை என்கிட்ட தாங்க.”

எப்படியும் வேலை போய்விட்டது, இனி யாருக்காகப் பொய் சொல்ல வேண்டும்? ஆரணி உள்ளதை உள்ளபடி போட்டாள். பதினேழு நிமிடத்தில் முடிந்தது.

சஹ்லா முடிவைப் படித்தார். “நீங்க கேட்டிருக்கிற, ஆக்களச் சந்திக்கிற வேலைக்கு நீங்க சரிவர மாட்டீங்க.”

“தெரியும் மிஸ்.” ஆரணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்க போறீங்க? ஒரு வேலைய மூணு தரம் சரிபாக்காம கைவிட மாட்டீங்க போல ஈக்கே. உள்ளுக்கு, இழப்பீட்டுப் பைல் பாக்குற பகுதியில ஒரு இடம் ஈக்கு. நாள் முழுக்கப் பைல்தான். ஒருத்தரோடயும் பேசத் தேவல்ல. பிழை விட்டா ஒத்துக்கொள்ற ஆள்தான் அங்க வேணும். திங்கக்கிழமை வாங்க.”

ஆரணி திரும்பக் கதிரையில் அமர்ந்தாள். கண்ணைத் துடைத்தாள், சிரித்தாள், மறுபடி கண்ணைத் துடைத்தாள். எத்தனையோ மாதமாக நெஞ்சில் ஏறி இருந்த பாரம் சட்டென்று இறங்கிப் போயிற்று.

“தாங்க்ஸ் மிஸ். வேற ஆரும் எண்டா என்னை அப்பவே வெளியில அனுப்பியிருப்பினம். நீங்கள் ஏன் திரும்பச் செய்யத் தந்தனீங்கள்?”

சஹ்லா கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நான் வேலைக்குக் கேட்ட காலத்துல இது தாள்லதான் வரும். வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பலாம். எனக்கு எங்க வாப்பாதான் எல்லாப் பதிலும் போட்டார். ஆக்களோட பழக எனக்குக் கொள்ள ஆசையாம்! அத நம்பி என்னை இங்க, நாள் முழுக்க ஆக்களோட பேசுற கதிரையில இருத்தினாங்க. அந்தப் பொய்ய ஒருத்தரும் கண்டுபிடிக்கல்ல.”

“பிறகு, மிஸ்?”

“பிறகென்ன? பன்னெண்டு வருஷமா நான் ஆசப்பட்ட இடத்தைத்தான் இப்ப உங்களுக்குத் தந்திருக்கேன்.”