மலையில எம்புட்டு மழை?

“சார், மலையில மழை எம்புட்டு சார்?”

ஒரு ரூபாய் போனில் காசு விழுந்ததும் மூச்சு விடாமல் கேட்டாள் வள்ளித்தாய். நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் காலை டீக்கு விடும் பத்து நிமிடத்தில், ரோட்டோரப் பெட்டிக்கடைக்கு ஓடி வந்து அவள் தினமும் கேட்கும் கேள்விதான்.

“இன்னைக்கும் தகவல் வரலைம்மா” என்றார், சூலக்கரை மழைக்கணக்கு ஆபீஸ் எழுத்தர் பெத்தணன்.

மூன்று நாளாக மேற்கு மலையில் ஒரே இடியும் காற்றும். அங்கே மழை அளக்கிற நிலையத்தில் தனி ஆளாகக் கிடப்பவன் அவள் மகன் முனியராஜ். அதை அவள் பெத்தணனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எப்படிச் சொல்வாள்? இரண்டு வருடத்துக்கு முன், அவள் அண்ணன் மகளைக் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு மலை வேலைக்குப் போனவன் அவன். “இனி செத்தாலும் உங்கூடப் பேச்சு இல்லலே” என்று சொந்தபந்தம் பார்க்கச் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவள் இவள். சரியான வீம்புக்காரி. ஆனால், மழை அளவு கேட்கக் கூடாது என்று சத்தியத்தில் இல்லையே! மலையிலிருந்து அளவு வந்தால் மகன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். சைபர் என்று வந்தாலும் அவளுக்குப் போதும்.

“ஏம்மா, மலையில பெய்யிற மழைக்கும் உங்க கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?”

“மத்தாப்பு காயப் போட்டிருக்கு சார். அங்கன பெஞ்சா இங்கனயும் வரும்ல? போர்மேன் கேட்டுட்டு வரச் சொன்னாக.” பொய் அவளுக்குப் பழகிவிட்டது. “ஏன் சார், அங்கன மழை அளக்குற மிசினு தானாவே எழுதுமாமே?”

“பேனா தானா கோடு போடும்மா. ஆனா தாள் சுத்தின உருளைக்குச் சாவி குடுக்கணும், தினம் காலையில தாளை மாத்தணும். முப்பது வருசத்துக் கணக்கு, ஒருநாள்கூட விட்டுப்போகக் கூடாது. ஆளு வேணும்ல?”

“அப்ப… ரெண்டு நாளா அங்கன ஆளே இல்லையா சார்?”

“இருங்கம்மா, இன்னொரு போன் அடிக்குது.”

அவள் ஒவ்வொரு காசாகப் போட்டுக்கொண்டே நின்றாள். கையில் மிச்சம் ஒரே ஒரு காசு. இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடு நேர்ந்தாள். அது போதாதோ என்று மொட்டையும் போடுவதாக வேண்டிக்கொண்டாள்.

“அம்மா, வந்துருச்சு! மரம் விழுந்து போன் கம்பி அறுந்து கிடந்துச்சாம். ரெண்டு நாளுக்கும் சேர்த்துச் சொல்லிட்டாப்ல. நேத்து நாப்பத்திரண்டு மில்லிமீட்டர், இன்னைக்கு…”

“போதும் சார், போதும்! சொன்னவுக நல்லா இருக்காகளா?”

“கணீர்னு பேசுறாப்லம்மா.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள் வள்ளித்தாய். இரண்டு நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வேலைக்கு ஓடினாள்.

சூலக்கரையில் பெத்தணன், வைக்காமல் காத்திருந்த இன்னொரு ரிசீவரை எடுத்தார்.

“ஏலே முனியராஜ், சொல்லியாச்சுலே. அழுதாக.”

“நாளைக்கும் டீ டயத்துக்கு முன்னால சொல்லிருதேன் சார்” என்றான்.

“நல்ல ஆத்தா, நல்ல மகன்! ஆபீசுக்கு மழைக்கணக்கு மாசத்துக்கு ஒருக்கா தபால்ல வந்தாப் போதும். உங்க அம்மாவுக்காக நீ தினமும் எஸ்டேட் போனுக்கு நாலு மைல் இறங்கி வாரத, நான் இன்னும் எத்தனை நாளைக்குலே அவுககிட்ட மறைக்கிறது?”