தவளைவாயனைத் தேடிய மலையணில்

ஒரு காட்டில் ஒரு மலையணில் இருந்தது. ஒருநாள் காலையில் அடித்த காற்றில் ஒரு பறவைக் குஞ்சு பொத்தென்று அதன் முன்னால் விழுந்தது.

"யார் வீட்டுப் பிள்ளை நீ?"

"தவளைவாயன் பிள்ளை. எங்கப்பாகிட்ட கொண்டுபோய் விடுங்க."

தவளைவாயன் என்ற பறவையை அணில் பார்த்ததே இல்லை. "அப்பா எப்படி இருப்பாரு?" என்று கேட்டது.

"கதகதப்பா இருப்பாரு."

இதை வைத்துக்கொண்டு எங்கே தேடுவது? மேலே வல்லூறு ஒன்று வேறு வட்டமடித்தது. குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு அணில் மரமேறி, அங்கிருந்தவர்களை விசாரித்தது.

"பச்சை நிறம், நீள வால்," என்றது மந்தி.

"வாலே கிடையாது, சிவப்புக் கொண்டை," என்றது மரங்கொத்தி.

இருவருமே அடித்துச் சொன்னார்கள். அணிலுக்குத் தலை சுற்றியது. "பச்சை வாலோ சிவப்புக் கொண்டையோ, தவளைவாயன் யாருங்க?" என்று கத்திக்கொண்டே மூன்று முறை ஏறி இறங்கியது.

கடைசியில் களைத்துப்போய், கிளையில் இருந்த பட்டுப்போன ஒரு கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தது. குஞ்சு முதுகிலிருந்து இறங்கி அந்தக் கட்டைக்கு அடியில் புகுந்துகொண்டது. கட்டை கண்ணைத் திறந்தது.

அணில் ஆடிப்போய்விட்டது. "இவ்வளவு நேரம் கத்தினேனே, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"வல்லூறுக்குப் பயந்து அசையாம இருந்தேன்," என்றது பட்ட கட்டைபோலவே இருந்த தவளைவாயன். "நீங்க சொன்ன அடையாளத்தைக் கேட்டு, வேற யாரையோ தேடுறீங்கன்னு நினைச்சிட்டேன்."

அணில் இறங்கத் தொடங்கியது. வழியில் இன்னொரு கட்டை இருந்தது. தூக்கிய காலைக் கீழே வைக்காமல், "ஐயா, நீங்க மரமா, ஆளா?" என்று கேட்டது.

பதில் வரவில்லை. அணில் சுற்றிக்கொண்டு போனது.