பதினாறு டிகிரி

மூக்கன் பாட்டிலின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். பதினாறு டிகிரி. அரை டிகிரிகூடப் பிசகில்லை.

சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் பரிமாறு என்று எவனோ குளிரில் கிடந்தவன் சொல்லிவிட்டுப் போனான். இந்த மதிய வெயிலில் அறையில் வைத்தால் அது வெந்நீர்தான்.

ஐஸ் தண்ணீரில் பன்னிரண்டு நிமிடம் வைத்து எடுத்திருந்தான். அவனிடம் மிஞ்சியிருந்த வித்தை அது ஒன்றுதான்.

மோந்து பார்த்தே எந்த ஒயின், எந்த வருடம் என்று புட்டுப்புட்டு வைப்பான். அதனால்தான் உணவகத்தில் ஒயின் ஊற்றுகிறவனுக்கு மூக்கன் என்று பெயர். அந்த மூக்கு காய்ச்சலோடு செத்து இருபது நாளாகிறது. பெற்ற பிள்ளையின் உச்சந்தலையை மோந்தால்கூட ஒன்றுமில்லை.

மனைவிக்கும் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

மேசையில் உட்கார்ந்திருந்தவர் பத்திரிகையில் ஒயின் பற்றி எழுதும் அம்மாள். அவர் முகம் சுளித்த கடைகள் எத்தனையோ மூடிக் கிடக்கின்றன.

தக்கையை உருவி, வழக்கம்போல் முதலில் தனக்கு ஒரு வாய் ஊற்றி மோந்தான். பச்சைத் தண்ணீர். கடவுளே, இன்றைக்கு மட்டும் காப்பாற்று என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டே, அருமை என்பதுபோல் தலையாட்டினான்.

அம்மாள் கிளாஸைச் சுழற்றினார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"பிரமாதம்! என்ன ஒரு பக்குவமான குளிர்ச்சி!"

இரண்டு கிளாஸ் குடித்தார். நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு எழுந்தார்.

மூக்கனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மிச்ச ஒயினைச் சமையலறைக்கு எடுத்துப்போனான். ஆசையாக வாங்கிய சமையல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அய்யே! நனைஞ்ச சாக்கு நாத்தம் அடிக்குதேப்பா! தக்கையே கெட்டுப்போயிருக்கு. இதையா அந்தம்மாவுக்கு ஊத்துன?"

மூக்கனுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பெரிய மனுஷி, சபையில் காட்டிக்கொள்ளாமல் குடித்திருக்கிறார். நாளைக்கு எழுத்தில் மானம் கப்பலேறும். அதற்குள் காலில் விழுந்துவிடுவோம் என்று வாசலுக்கு ஓடினான்.

காரில் ஏறப்போனவரை மறித்து, கெட்டுப்போன ஒயினை ஊற்றிவிட்டேன் என்று மூச்சிரைக்க ஒப்புக்கொண்டான். தன் மூக்கைப் பற்றியும் சொல்லிவிட வாயெடுத்தான்.

அம்மாளின் முகம் வெளுத்துப்போனது. சுற்றுமுற்றும் பார்த்தார். அவன் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கெட்டுப்போயிருந்துச்சா? தம்பி, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."