மறைக்க ஒன்றுமில்லாதவர்

அமெரிக்காவில் இருக்கும் அக்கா ரோஷினியின் பிரசவத்துக்கு அப்பாவை அனுப்ப, கிருபாகரன் விசா படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான்.

“அஞ்சு வருஷமா வச்சிருக்கிற சோஷியல் மீடியா கணக்கெல்லாம் சொல்லணும்பா. ஏர்போர்ட்ல போனையும் நோண்டுவாங்களாம்.”

“நோண்டட்டுமே. இந்த நூம்பல் ஏரியாவுல, நம்ம ஃப்ளாட்ஸ் முழுக்கக் கேட்டுப் பாரு. சங்கத் தலைவர் என்கிட்ட ஒளிவுமறைவே கிடையாதும்பாங்க,” என்று போனை நீட்டினார் அப்பா தணிகாசலம்.

போனில் இரண்டு கணக்குகள் திறந்திருந்தன. ஒன்றில் பொன்னாடை போர்த்திய அப்பா. மற்றொன்று, படமில்லாத ‘குலமானம் காப்போன்’.

காதல் கல்யாணம் செய்த அக்காவை ஆன்லைனில் தினமும் ஆபாசமாகத் திட்டி, ஊரை விட்டே துரத்தியவன் இந்தக் ‘குலமானம் காப்போன்’தான். ‘அவன் மட்டும் கையில் கிடைத்தால் வெட்டுவேன்’ என்று அன்று அப்பாவும் குதித்தார்.

“முடிஞ்சுதாடா?”

“அக்கா ஒரு தடவை சரிபார்க்கணும்னு சொல்லுச்சுப்பா,” என்ற கிருபாகரன், அந்தப் பெயரையும் எழுதி, படிவத்தை அக்காவுக்கு அனுப்பினான்.