படிக்கட்டுப் பிள்ளையார்

இரண்டாவது மாடிப் படிக்கட்டுச் சுவரைக் குடைந்து மாடம் கட்டிப் பிள்ளையாரைப் பதித்தவர், வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். வாங்கியவள் பிலோமினா. மாடத்துக்குப் பின்னால் போகும் மழைநீர்க் குழாயில் விரிசல் விழுந்து, ஈரம் கீழ்வீட்டுச் சமையலறை வரைக்கும் இறங்கியதும், அசோசியேஷன் செயலாளர் கனகசபை கடிதத்தோடு வந்தார். பொதுச்சுவரில் எந்த வீடு கைவைத்ததோ, அந்த வீடுதான் இடித்துச் சரிசெய்ய வேண்டும், ஆள் மாறியிருந்தாலும்.

"பதினொரு வருஷமா நீங்கள்லாம் கும்பிட்ட சாமி. இடிக்கிறதுக்கு மட்டும் நானா?"

"ரூல் அப்படித்தான் மேடம். பத்து நாள் டைம்."

அவள் அழைத்துவந்த கொத்தனார் செருப்பைக் கழற்றினார், தலையில் குட்டிக்கொண்டார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த கொத்தனார் போனையே எடுக்கவில்லை. பத்தாம் நாள் காலையில் அவளே சுத்தியலோடு மாடத்தின் முன்னால் வந்து நின்றாள். கையை ஓங்குவதற்குள் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்துகொண்டன.

"நீங்க அதைத் தொடக் கூடாது" என்றார் கீழ்வீட்டுக்காரர். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது அவருடைய அடுப்பின்மேல்தான்.

"இடிக்கணும். ஆனா தொடக் கூடாது. அப்படித்தானே?"

கூட்டத்தில் நின்ற கனகசபையின் கையில் அவள் சுத்தியலைத் திணித்தாள்.

"கையெழுத்துப் போட்ட கைதானே சார். இதையும் அதே செய்யட்டும்."

அவர் சுத்தியலைப் பார்த்தார். மாடத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் செருப்பைக் கழற்றினார்.